ஏறிய மலையிலிருந்து நடந்தும் இறங்கலாம்

கோல் மார்க்கெட்டைச் சுற்றி வாழ்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையின் காட்சி ஒன்று பழகிப்போனது. புதுடெல்லி எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், 1921ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தப் பன்னிருகோணக் கட்டடத்தின் எதிரே, முதுகுப்பைகளுடன் இளைஞர்கள் ஆட்டோவுக்காக நிற்பார்கள். காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் இரவுப் பேருந்தைப் பிடித்தால் விடியும்போது இமாச்சலம். ஞாயிறு இரவு அதே வழியில் திரும்பினால் திங்கள் காலை அலுவலகம். இரண்டு பகல், மூன்று இரவு. இடையில் ஒரு மலை.

அந்தக் கூட்டத்தில் என் மகளும் ஒருத்தி. அவள் முதுகில் இருப்பது மாற்றுடை மட்டுமன்று. மடித்துச் சுருட்டிய ஒரு சிறகும்கூட. மலை மீது நடந்து ஏறி, பாராகிளைடரில் பறந்து இறங்குவதை அவள் மூன்று ஆண்டுகளாகப் பழகிவருகிறாள். இந்த இதழின் வாசகர்கள் பலருடைய வீடுகளிலும் இப்படி ஒரு மகனோ மகளோ இருக்கக்கூடும், அல்லது விரைவில் இருக்கப்போகிறார்கள். 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பெற்றோரும், 'உன் விருப்பம்' என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடும் பெற்றோரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து. இருவருமே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நானும் முதல் வகையில் இருந்தவன்தான். சென்ற ஏப்ரலில் அவளோடு ஒரு முறை நடந்து ஏறிய பிறகுதான் எனக்குச் சில செய்திகள் விளங்கின.

இடம் பீர். காங்க்ரா மாவட்டத்தில், தௌலாதர் மலைத்தொடரின் அடிவாரத்தில், தேயிலைத் தோட்டங்களும் திபெத்தியக் குடியிருப்பும் அருகருகே உள்ள சிற்றூர். அதற்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் பில்லிங் என்னும் புல்வெளி. அங்கிருந்து பறந்து பீரில் இறங்குவார்கள். பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி 2015இலும் 2024இலும் இங்கே நடந்திருக்கிறது. பெரும்பாலோர் பதினான்கு கிலோமீட்டர் மலைச்சாலையில் ஜீப்பில் ஏறி, உரிமம் பெற்ற பைலட் ஒருவரின் முன்னால் கட்டப்பட்டு, சிறிது நேரம் பறந்து, ஒளிப்படத்தோடு திரும்புகிறார்கள். அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஊருக்கும் பிழைப்பு, வந்தவர்க்கும் மகிழ்ச்சி. என் மகள் செய்வது வேறு. ஜீப் கிடையாது, தன் சிறகைத் தானே சுமந்து நடக்க வேண்டும்.

நடந்து ஏறுவது நமக்குப் புதிதன்று. பழனிப் படிகளில் தொடங்கி வெள்ளியங்கிரியின் ஏழு மலைகள் வரை, ஏறுவதையே வழிபாடாக ஆக்கிக்கொண்டவர்கள் நாம். கல்லூரி நாளில் வெள்ளியங்கிரி ஏறிய அனுபவம் எனக்கும் உண்டு. ஏற்றம் மூச்சை வாங்கியது. இறக்கம் முழங்காலை வாங்கியது. மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கியபோது, ஒரு துணியை விரித்துக் கீழே மிதந்துபோய்விட்டால் என்ன என்று உண்மையாகவே நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

1978இல் பிரான்சில் மியூசி என்ற ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் பாராசூட் வீரர்கள் மூவர், விமானம் ஏறாமல் மலைச்சரிவிலிருந்தே ஓடிப் பாராசூட்டை விரித்துப் பறந்தார்கள். அவர்களைத் தூண்டியது வீரம் மட்டுமன்று, சிக்கனமும்தான். ஒவ்வொரு முறை குதிப்பதற்கும் விமானச் செலவு, மலை இலவசம். வங்கி இதழில் இதைக் குறிப்பிடுவது பொருத்தம் என்றே நினைக்கிறேன். மலையேறிகள் அதைக் கண்டதும், இறக்கத்தின் துன்பத்துக்கு மருந்து கிடைத்தது என்று பிடித்துக்கொண்டார்கள். பத்தே ஆண்டுகளில், 1988 செப்டம்பரில், ழான்-மார்க் புவாவென் எவரெஸ்ட் சிகரத்திலிருந்தே பறந்து இறங்கினார். 2011இல் நேபாளத்தைச் சேர்ந்த சானோ பாபு சுனுவாரும் லக்பா செரி ஷெர்பாவும் எவரெஸ்ட் ஏறி, ஒரே சிறகில் இருவருமாகப் பறந்து இறங்கி, பின் ஆற்று வழியே வங்காள விரிகுடா வரை வந்து சேர்ந்தார்கள். 2003 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆல்ப்ஸ் மலைகளில் எக்ஸ்-ஆல்ப்ஸ் என்ற போட்டி நடக்கிறது. விதி எளிது: நடக்கலாம், பறக்கலாம், வேறு எதிலும் ஏறக்கூடாது, சாதனத்தைத் தானே சுமக்க வேண்டும். 2009 முதல் 2023 வரை நடந்த எட்டுப் போட்டிகளிலும் சுவிட்சர்லாந்தின் கிறீகெல் மௌரர் ஒருவரே வென்றார்.

பாராகிளைடர் இத்தனை தொலைவு வந்ததற்குக் காரணம் எடை குறைந்ததுதான். வழக்கமான சிறகு, தொங்கு இருக்கை, அவசரப் பாராசூட், தலைக்கவசம், கருவிகள் எல்லாம் சேர்ந்தால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. பழைய சாதனமானால் இருபதையும் தொடும். நடந்து ஏறுபவர்களுக்காக இப்போது செய்யப்படும் முழுத் தொகுதி ஆறேழு கிலோவில் அடங்கிவிடுகிறது. சிறகுத் துணி சதுர மீட்டருக்கு 27 கிராம் வரை மெலிந்துவிட்டது. நம் மல்வேட்டித் துணியும் இதன் முன்னால் கனம்தான். மேலும் கீழுமாக இரண்டு துணிகளைத் தைத்து இடையில் காற்றை நிரப்பும் வழக்கத்தை விட்டு, ஒற்றைத் துணியாலேயே ஆன சிறகுகளும் வந்திருக்கின்றன. அவற்றில் சில இரண்டு கிலோவுக்கும் குறைவு. இருக்கை என்று சொல்வதற்குப் பட்டைகள் மட்டுமே இருக்கும் சில நூறு கிராம் ஹார்னஸும் உண்டு.

இந்த இலேசுக்கு விலையும் உண்டு. நான் சொல்வது பணத்தை மட்டும் அல்ல. மெல்லிய துணி வெயிலிலும் கல்லிலும் விரைவாகத் தேய்கிறது. கயிறுகள் மெலிந்து, மேலுறையும் இல்லாமல், முள்ளில் சிக்கினால் அறுந்துபோகின்றன. கனமான ஹார்னஸில் முதுகின் கீழே தடித்த நுரைமெத்தையோ காற்றுப்பையோ இருக்கும். தவறி விழுந்தால் முதுகெலும்பைக் காப்பது அதுதான். மிக இலேசான ஹார்னஸில் அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். சாலை இல்லாத மலைக்கும் சுமந்து போக முடியும் என்பதால், மீட்பவர் எளிதில் வர முடியாத இடத்தில் விழும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே இலேசான சாதனம் ஆபத்தானது என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் அதற்கு ஆதரவாக ஒரு வாதம் இருக்கிறது. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அது பறப்பதைப் பற்றிய வாதமே அன்று.

அன்று காலை ஐந்து மணிக்கு பீரிலிருந்து புறப்பட்டோம். பயிற்சிக்காக இரண்டு மாதம் மந்திர் மார்க்கின் பின்புறமுள்ள ரிட்ஜ் காட்டில் நடந்திருந்தேன். குடியிருப்பின் நான்கு மாடிப் படிகளைப் பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு ஏறி இறங்கி அக்கம்பக்கத்தாரின் கேலிக்கும் ஆளாகியிருந்தேன். ஆனாலும் உண்மையான மலையின் முன் அந்தப் படிகள் எம்மாத்திரம்! ஒற்றையடிப் பாதை ஜீப் சாலையை அங்கங்கே வெட்டிக்கொண்டு ஓக் மரக் காட்டினூடே ஏறியது. புராஞ்ச் மரங்கள் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தன. கூரையில் சிறகு மூட்டைகளைக் கட்டிய ஜீப்புகள் எங்களைத் தாண்டிப் போயின. என் மகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று மேலே பார்த்தாள். எனக்காக நிற்கிறாள் என்றே முதலில் எண்ணினேன். அவள் பார்த்தது மேகத்தை. இலை எந்தப் பக்கம் அசைகிறது, வெயில் எந்தச் சரிவில் முதலில் விழுகிறது, பாறுகள் எந்த இடத்தில் வட்டமிட்டு எழுகின்றன என்று நான்கரை மணி நேரம் அவள் அந்த மலையைப் படித்துக்கொண்டே வந்தாள். ஜீப்பில் போனவர்களுக்கு அந்தப் பாடத்துக்குக் கிடைத்தது அரைமணிக்குச் சற்று மேல்.

பில்லிங்கை அடைந்தபோது சரிவிலிருந்து காற்று சீராக மேலேறிக்கொண்டிருந்தது. அதை முகத்தில் வாங்கி ஓடினால்தான் சிறகு நிரம்பி எழும். சிறிது நேரத்தில் பின்னாலிருந்த தௌலாதர் முகட்டின் மீது மேகம் திரளத் தொடங்கியது. ஏப்ரலில் அங்கே அது வழக்கம். ஆனால் வழக்கமாகப் பிற்பகலில் வருவது அன்று முற்பகலிலேயே வந்துவிட்டது. காற்றுத் திசைப்பை ஒரு கணம் சரியாக நிற்கும், மறுகணம் முதுகுப் பக்கமாகத் திரும்பிவிடும். சிலர் இடைவெளி பார்த்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் புல்லில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பார்த்தாள். பிறகு எழுந்து, "அப்பா, இன்னைக்கு வேண்டாம்பா. நடந்தே இறங்கிடலாம்" என்றாள், சிறகைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

என் முழங்கால் அவளைச் சபித்தது. என் மனம் வேறொன்றைக் கவனித்தது. அருகில் டெல்லியிலிருந்து வந்த ஓர் இளைஞர் கனத்த சாதனத்தோடு நின்றிருந்தார். அன்று ஞாயிறு, அன்றிரவே அவருக்குப் பேருந்து. சனிக்கிழமை மழையில் போய்விட்டதாம். ஜீப் வாடகை, தங்கும் அறை, கெஞ்சிப் பெற்ற விடுப்பு எல்லாம் கணக்கில் ஏறியிருந்தன. அந்த மூட்டையை நடந்து சுமந்து இறக்க முடியாது. ஜீப்பில் திரும்பிப் போவது நண்பர்களிடையே தோல்வி. அவர் முகத்தில் தயக்கம் தெரிந்தது. ஆனால் காற்றைப் பற்றிய தயக்கத்தோடு வேறு பல கணக்குகளும் அவருக்குள் வாதாடிக்கொண்டிருந்தன. அரை மணி கழித்து, ஒரு நல்ல கணத்தில் அவர் ஓடினார், பறந்தார்.

மூன்று மணி நேரம் கழித்து, கால்கள் நடுங்க நாங்கள் பீருக்கு வந்தபோது, தேநீர்க் கடையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கீறலும் இல்லை. சற்று ஆட்டியதாம், அவ்வளவுதான். உண்மையில் மகிழ்ச்சியாக இருந்தார். எங்களைப் பார்த்து, "நீங்களும் வந்திருக்கலாமே" என்றார்.

இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர் விழுந்திருந்தால் என் வாதம் எளிதாக இருந்திருக்கும். விழவில்லை. ஒரு தவறான முடிவு பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. அதனால்தான் அது மறுபடியும் எடுக்கப்படுகிறது. கடன் வழங்கும் துறையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிணையும் பாராமல், வருமானமும் விசாரிக்காமல் கொடுத்த கடன் திரும்பி வந்துவிட்டால், அந்த மேலாளர் நல்ல முடிவெடுத்தார் என்று ஆகிவிடாது. பல முறை வந்துவிட்டால் இன்னும் கேடு.

இலேசான சிறகுக்கு ஆதரவாக நான் சொல்ல வந்தது இதுதான். அதன் முதற்பயன், பறக்காமல் திரும்ப முடிவது. ஆறு கிலோவைச் சுமந்து ஏறியவர் அதைச் சுமந்தே இறங்கலாம். இழப்பது அரை நாளும் கொஞ்சம் முழங்காலும். இருபது கிலோவைத் தூக்கி வந்தவருக்கு அந்த மூட்டையே 'பறந்துவிடு' என்று காதருகே ஓதிக்கொண்டிருக்கிறது. நடந்து ஏறியவருக்கு வேறொரு சலுகையும் இருக்கிறது: ஏறியதே அன்றைய பயன். பறப்பது கிடைத்தால் மேல்வரவு. ஜீப்பில் ஏறியவர் அதே நாளில் பறக்காவிட்டால் கையில் எஞ்சுவது சாலைத் தூசி மட்டுமே. பில்லிங்கில் ஜீப்பாவது காத்திருக்கிறது. சாலையில்லாத மலையில் அந்த வாய்ப்பும் இல்லை. அங்கே எடைதான் முடிவெடுக்கிறது.

ஆகவே சாதனத்தின் எடையைவிட நாட்காட்டியின் எடையைக் குறைப்பது இன்னும் அவசரம் என்றும் நினைக்கிறேன். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் டெல்லிப் பழக்கத்துக்கும் மலைக்காற்றுக்கும் ஒத்துவராது. கோயில் விழாவுக்கு நாள் பார்த்துப் போகலாம். காற்றுக்கு நாம் நாள் குறிக்க முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு தகப்பனாகச் சொல்ல வேண்டும். புதிய சிறகும் இருக்கையும் அவசரப் பாராசூட்டும் சேர்ந்தால் நல்லதொரு மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டும். என் மகள் முதலாண்டிலேயே கேட்டாள். என் வைப்புத்தொகையை உடைக்க மறுத்தேன். கோபித்துக்கொண்டு, இருபது மாதத் தொடர் வைப்பில் தானே சேர்த்தாள். அந்த இருபது மாதமும் பள்ளியின் கனத்த பயிற்சிச் சிறகிலேயே பறந்தாள். கஞ்சத்தனத்தால் நான் செய்தது நல்ல பயிற்சித் திட்டமாக முடிந்தது என்று அவள் ஆசிரியர் சொன்னாராம். கனத்த, பொறுமையான சிறகில் கற்று, பிறகே மெல்லியதற்கு வருவதுதான் முறை. 'இலேசு' என்பது சிறகின் எடையைச் சொல்கிறதே தவிர, அது பழகியவர்க்கு உரியதா, தொடங்குபவர்க்கு உரியதா என்பதைச் சொல்வதில்லை. ஐரோப்பியத் தரச் சான்றில் ஏ முதல் டி வரை வகுப்புகள் உண்டு. வாங்குமுன் பார்க்க வேண்டியது அந்த எழுத்தை. பழைய சிறகை மலிவாக வாங்குபவர்கள் துணியின் காற்றுக் கசிவையும் கயிற்றின் வலிமையையும் சோதித்த சான்று கேட்க வேண்டும். தனிநபர் கடன் வாங்கிச் சிறகு வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். மாதத் தவணை கட்டுகிறோமே என்று காற்று சரியில்லாத நாளிலும் மனம் கணக்குப் போடும்; தேநீர்க் கடை இளைஞரின் நிலைதான் அது.

காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள் என்றால் யாரும் விரும்புவதில்லை. நான் படித்தேன். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொதுவான விலக்குகளில் ஒன்பதாவது, ஆபத்தான சாகச விளையாட்டுகளைப் பற்றியது. அதில் 'தொழில்முறையாக' ஈடுபடுவோர் என்ற ஒரு சொல் இருக்கிறது. பொழுதுபோக்காகப் பறப்பவருக்கு அந்தச் சொல் பெரிய ஆதரவு. ஆனால் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு பத்திரம், வேறு வாசகம். அவற்றுள் பலவற்றில் சாகச விளையாட்டு முழுவதுமாகவே விலக்கப்பட்டிருக்கிறது. மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு இரண்டிலும் அடங்காமல் போகலாம். கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. முகவர் வாயால் சொல்லும் உறுதிக்கு மலையடிவாரத்தில் மதிப்பில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. வான் விளையாட்டுகளுக்கென்று இமாச்சலத்தில் தனி விதிகள் இருக்கின்றன; ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்தில் பறப்பதற்குத் தடையும் உண்டு. ஆனால் விதிகளின் கவனம் பெரிதும் பயணிகளை ஏற்றிப் பறக்கும் தொழிலின் மீதே இருக்கிறது. அங்கேதான் கூட்டம், அது நியாயமே. தன் சிறகோடு தனியே நடந்து ஏறுபவர் இன்னும் சிறுபான்மை. அவர் எந்த மலைக்கு, எந்த வழியில் போகிறார், மாலைக்குள் திரும்பினாரா என்று பதிந்து பார்க்கும் எளிய ஏற்பாடு ஒவ்வொரு மலையூரிலும் இருந்தால் போதும். தேடுவதற்கு முதலில் தெரிய வேண்டியது எங்கே தேடுவது என்பதே. நம் ஊரில் ஏலகிரி போன்ற மலைகளிலும் பறப்பவர்கள் பெருகினால், முதல் நாளிலிருந்தே இந்தப் பதிவேட்டை வைத்துக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகம் ஒன்றும், மாலையில் அதைத் திறந்து பார்க்க ஓர் ஆளும் இருந்தால் ஆகிவிடும்.

என் முழங்கால் தேற ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த முறை எப்போது என்று மகளிடம் கேட்டேன். வழக்கமாக வெள்ளிக்கிழமைப் பேருந்துக்கு முன்பதிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் சொல்வாள். இம்முறை அலுவலகத்துக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள்: வியாழன் முதல் செவ்வாய் வரை, ஆறு நாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். 'சொந்தக் காரியம்' என்று எழுதியிருந்தாள். 'காற்று' என்று எழுதினால் மேலதிகாரி கையெழுத்திட மாட்டாராம்.